ஆறு காடுகளும் ஆறு பெட்டிகளும்

எங்கள் ஆறு காடுகளும் விற்றுப் பல வருடம் ஆன பிறகு, ஒவ்வொன்றிலும் நான் ஒரு பெட்டி வைத்தேன். வைக்கவில்லை, வைத்ததாகச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை வித்தியாசத்துக்குள்தான் என் அப்பா தொலைந்துபோனார்.

எங்கள் பக்கம் காடு என்றால் புலி இருக்கும் இடம் இல்லை. மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலத்துக்கு அந்தப் பெயர். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்து வீட்டைச் சுற்றி மூன்று மைலுக்குள் அப்பாவுக்கு ஆறு காடுகள் இருந்தன. மேட்டுக்காடு, குட்டைக்காடு, பாறைக்காடு, ஊஞ்சக்காடு, பள்ளக்காடு, கோயில்காடு. நாற்பது வயதுக்கு மேல் அவருக்கு ரிக் வண்டி ஆசை வந்தது. போர்வெல் போடும் லாரிதான். நாலு பேரோடு கூட்டுச் சேர்ந்து வாங்கி வடக்கே அனுப்பினார். போன இடத்தில் தண்ணீர் வந்ததோ என்னவோ, இங்கே காடுகள் ஒவ்வொன்றாகப் போயின. மேட்டுக்காட்டைச் சைட் போட்டு விற்றார்கள். பாறைக்காடு கல்குவாரி ஆயிற்று. ஊஞ்சக்காட்டில் கோழிப்பண்ணை. மீதி மூன்றும் யார் யாரோ வாங்கி, கம்பி வேலி போட்டு, ஒன்றும் விதைக்காமல் வைத்திருக்கிறார்கள். கடைசியில் வீடும் அதை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையும்தான் எங்களுக்கு மிஞ்சின.

நான் பெங்களூரில் பத்து வருடம், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தேன். பிறகு அதே வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார்கள். அம்மா இறந்துவிட்டிருந்தார். அப்பாவுக்கு மறதி முற்றியிருந்தது. கல்யாணம் ஆகாதவள் நான் ஒருத்திதான் என்பதால், அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. மூன்று மைல் தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்த அக்கா வாரத்துக்கு இரண்டு நாள் வந்து உதவுவாள். எனக்குக் கோபம் உண்டு, அப்பாமேல் இல்லை. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கோபத்தோடு இருந்தபோதுதான் சித்தப்பா மகன் பெட்டியோடு வந்து சேர்ந்தான்.

அவன் ராசிபுரத்தில் கேமரா மாட்டித் தரும் கடை வைத்திருக்கிறான். ஒரு கையளவுப் பெட்டி, அதில் ஒரு குட்டி ஆன்டெனா, ஒரு பச்சை விளக்கு. “அக்கா, இது சும்மா இருந்தாலே காசுங்கக்கா” என்றான்.

“சும்மா இருக்கறதுக்கு எவன்டா காசு குடுக்கறான்? எனக்குச் சொல்லு, அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

விஷயம் இதுதான். கம்பெனிக்காரன் டவர் போடுவதற்குப் பதிலாக, ஜனங்களே இந்தப் பெட்டியை வாங்கித் தங்கள் கூரையில் வைத்துக்கொள்வார்கள். மாட்டுக் கழுத்தில் மாட்டும் அட்டை, தண்ணீர் மீட்டர் போன்ற சின்னச் சாமான்கள் விடும் சிக்னலைப் பெட்டிகள் பிடித்து அனுப்பும். வைத்திருப்பவருக்குக் கூலியாக அந்த நெட்வொர்க்கின் கிரிப்டோ காயின் வரும். பெட்டிக்கு நோடு என்று பெயர். சரி, ஒருவன் பெட்டியை வைத்திருப்பதாகச் சொல்கிறான், அது நிஜமாகவே அங்கே இருக்கிறது என்று எப்படி நம்புவது? அதற்குத்தான் சாட்சி. ஒவ்வொரு பெட்டியும் அவ்வப்போது ஒரு குரல் கொடுக்கும். சுற்றுவட்டாரத்தில் அதைக் கேட்ட பெட்டிகள், கேட்டேன் என்று சாட்சி சொல்லும். கூப்பிட்டதற்கும் காசு, கேட்டதற்கும் காசு. பக்கத்தில் யாருமே இல்லாத ஒற்றைப் பெட்டிக்குப் பட்டை நாமம்தான்.

எங்கள் கூரையில் வைத்த பெட்டி மூன்று மாதம் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. கேட்க நாதியில்லை. நான் கிண்டல் செய்யச் செய்யத் தம்பிக்கு ரோஷம் வந்து, எங்கிருந்தோ பழைய பெட்டிகள் ஆறு வாங்கி வந்தான். அவற்றை வைக்க ஆறு இடம் வேண்டும், கரண்ட் வேண்டும், இன்டர்நெட் வேண்டும். அவ்வளவுக்கு எங்கே போவது? ஆனால் பெட்டி இருக்கும் இடம் எது என்று ஆப்பில் குறிப்பது நாம்தானே. ஆறையும் தகரக் கொட்டகைக்குள் வைத்துக்கொண்டு, ஆறு ஊரில் இருப்பதாகச் சொன்னால் போகிறது.

ஒரு சிக்கல் இருந்தது. மூன்று மைல் தள்ளி இருப்பதாகச் சொல்லும் பெட்டியின் குரல் காதைக் கிழிக்கிற மாதிரி கேட்டால் நெட்வொர்க் சந்தேகப்படும். தம்பி பரணிலிருந்து, எங்கள் பக்கம் தூக்குப்போசி என்று சொல்லும் ஆறு அலுமினியத் தூக்குவாளிகளை இறக்கினான். ஒவ்வொரு போசிக்குள்ளும் ஒரு பெட்டியை இறக்கி, ஒயரை விளிம்பு வழியாக எடுத்து, மூடியைப் போட்டான். குரல் மங்கிற்று. திருட்டு வேலை செய்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் செய்தோம்.

எந்த ஆறு இடத்தைக் குறிப்பது என்று அவன் பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டு என்று தேடிக்கொண்டிருந்தான். நான் போனைப் பிடுங்கினேன். மேட்டுக்காடு, குட்டைக்காடு, பாறைக்காடு என்று வரிசையாக விரலை வைத்துக்கொண்டே போனேன். வரப்பு எங்கே திரும்பும், வேப்பமரம் எங்கே நின்றது என்று எனக்கு மனப்பாடம். அந்த மேப்பில் மட்டுமாவது அவை எங்களுடையதாக ஆனதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். யாரையோ பழிவாங்கிய மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் காசு வர ஆரம்பித்தது. பெரிய தொகை இல்லை, அப்பாவின் மாத்திரைச் செலவுக்கு ஆகும். அதைவிட அந்த ஆப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் எனக்குப் பொழுது போயிற்று. குட்டைக்காடு கூப்பிட்டது, பாறைக்காடு கேட்டது. பள்ளக்காடு கூப்பிட்டது, கோயில்காடு கேட்டது. யாரும் ஏர் கட்டாத நிலங்கள் நாள் முழுக்க ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒரு நாள் நான் வாய்விட்டுப் படித்துவிட்டேன் போல. கட்டிலில் படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கி, “பள்ளக்காட்டுல யாரு அம்மணி கூப்புடறாங்க?” என்று கேட்டார். “யாருமில்லீங்கப்பா” என்றேன். அவர் நம்பவில்லை. வெகு நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு நாள், நான் ஸ்கூட்டியில் போகும்போது குட்டைக்காட்டு வேலியோரம் ஒரு சேலத்துக்காரர் கையில் ஏதோ கருவியோடு நின்றிருந்தார். அவரும் பெட்டி வைத்திருப்பவர். நல்ல வெயில். “ஏம்மா, இந்த இடத்துல ஒரு பெட்டி இருக்கறதா மேப்புல காட்டுது. எங்கிட்ட உள்ளது எதுவும் அது பேசறத ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. எங்க இருக்குன்னு தெரியுமா?” என்றார். நான் கொஞ்சமும் கூசாமல், “அது சாமி எடமுங்க, செருப்போட நிக்காதீங்க” என்றேன். பாவம், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுமண்ணில் குதித்துக் குதித்துப் போனார். அதைச் சொல்லி நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

அப்பா வெளியே நடக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கண் அசந்தால் போதும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு தடவை மேட்டுக்காட்டுச் சைட்டிலிருந்து கூட்டிவந்தோம். தம்பி மாட்டுக்கு மாட்டுகிற அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, கயிறு கோத்து அவர் கழுத்தில் போட்டான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது சிக்னல் விடும். அட்டையில் ஜிபிஎஸ் கிடையாது, மலிவானது. எந்தப் பெட்டிக்கு அது பலமாகக் கேட்கிறதோ, அந்தப் பெட்டி இருக்கும் இடத்தில் அப்பா இருப்பதாக மேப்பு காட்டும். வீட்டில் இருக்கும்வரை கூரைப் பெட்டிக்குத்தான் பலமாகக் கேட்கும். அதனால் புள்ளி எப்போதும் வீட்டிலேயே நின்றது. அக்காவின் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஆறு பெட்டி இருக்கிற லட்சணத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள். பெங்களூரில் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தவளுக்கு, இதில் உள்ள தப்பு கண்ணில் படவே இல்லை.

சித்திரை மாதம். என்னோடு வேலை பார்த்த பெண்ணுக்கு ஓமலூரில் கல்யாணம். காலையில் ஒரு பெட்டி சரியாகப் பேசவில்லை என்று பட்டுப்புடவையோடு கொட்டகைக்குள் போய் ஒயரை அசைத்துவிட்டு வந்தேன். வேர்த்துக் கொட்டிய எரிச்சலில் கதவைச் சாத்திப் பூட்டைத் தொங்கவிட்டேனே தவிர, அழுத்திப் பூட்டவில்லை. அப்பாவை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

பந்தியில் உட்காரப் போகும்போது அக்காவின் போன் வந்தது.

“அம்மணி, அப்பாவக் காணோம். செத்த கண்ணசந்துட்டன். எந்திரிச்சுப் பாத்தாக் கட்டலு காலியாக் கெடக்குது.”

“மேப்பப் பாருக்கா. எங்க காட்டுது?”

“மேட்டுக்காட்டுல நிக்கறாரு.”

எனக்கு மூச்சு வந்தது. அங்கேதானே போவார். பெட்டி அங்கே இல்லை என்பது அந்த நிமிடம் என் நினைவில் இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்றரை வருடமாகத் தினமும் அந்த மேப்பைப் பார்த்துப் பார்த்து, நான் சொன்ன பொய்யை நானே நம்பிவிட்டிருந்தேன். தம்பியை வண்டியோடு போகச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

சேலம் தாண்டும்போது அக்கா மறுபடியும் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. “மேட்டுக்காட்டுலதான் நிக்கறோம். இங்கத்தான் இருக்கறாருன்னு காட்டுது. நான் நிக்கற எடத்துலயேதான் புள்ளி நிக்குது. ஆனா யாருமே இல்ல அம்மணி. கல்லும் வெயிலும்தான் கெடக்குது.” பேசிக்கொண்டிருக்கும்போதே, “அய்யோ, இப்பக் குட்டைக்காட்டுக்குப் போயிட்டாரு” என்றாள்.

நானும் போனைத் திறந்து பார்த்தேன். குட்டைக்காடு. ஐந்து நிமிடம் கழித்துப் பாறைக்காடு. இரண்டுக்கும் நடுவே இரண்டரை மைல். அதற்கடுத்து ஊஞ்சக்காடு. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. உச்சி வெயிலில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு காடாக அவர் தாண்டிக்கொண்டிருந்தார். வேலி இல்லை, ரோடு இல்லை, கால் தரையில் படுகிறதாகவே தெரியவில்லை. அப்பா செத்துப்போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். உயிர் பிரிந்தவர்கள் தாங்கள் புழங்கிய இடங்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். படித்தவள், கம்ப்யூட்டர்காரி, பஸ் ஜன்னலோரம் பட்டுப்புடவையில் உட்கார்ந்து, அப்பாவின் உயிர் காடு காடாகப் போவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளக்காடு. அதற்கப்புறம் கோயில்காடு. அங்கே போய்ப் புள்ளி நின்றுவிட்டது. நகரவே இல்லை.

ராசிபுரத்தில் இறங்கி வேறு பஸ் ஏறினேன். கண்டக்டர் வந்து, “எங்கீங்க போகோணும்?” என்றார். நான் “கோயில்காடு” என்றேன்.

“அப்படி ஒரு ஸ்டாப்பிங்கே இல்லீங்களே” என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே பெட்டி இல்லை. எந்தக் காட்டிலும் இல்லை. ஆறு பெட்டியும் கொட்டகைக்குள் இருக்கிறது. அப்படியானால் அப்பாவும் கொட்டகைக்குள் இருக்கிறார். சுற்றிலும் தகரம். அதனால்தான் கூரைப் பெட்டிக்கு அவர் கழுத்து அட்டை கேட்கவில்லை.

அக்காவைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான் போல, அவனும் எடுக்கவில்லை. தோட்டத்து வீடு, கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கிடையாது. அந்தப் பஸ்ஸில் நான் அழுத அழுகையைப் பார்த்து ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதை வாங்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நான் ஓடி வந்தபோது கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது, கொண்டியை விட்டுக் கழன்ற பூட்டு ஒரு வளையத்திலேயே தொங்கிற்று. வீட்டைச் சுற்றித் தேடியபோது அக்காவும் இந்தக் கதவைப் பார்த்திருக்கிறாள். எப்போதும் பூட்டியிருக்கிற கதவு என்பதால் திறந்து பார்க்கவில்லை. வெயில் ஏறினால் அந்தத் தகரக் கதவு உப்பி, நிலைச்சட்டத்தில் சிக்கிக்கொள்ளும். நானே இரண்டு கையாலும் இழுத்துத்தான் திறந்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி உள்ளிருந்து சூடு வந்து முகத்தில் அடித்தது.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆறு போசிகளின் மூடிகளும் கழற்றித் தரையில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. இருட்டில் ஆறு பச்சை விளக்குகள். ஒரு காலத்தில் காட்டு வேலைக்காரர்களுக்கு இந்தப் போசிகளில்தான் சோறு போகும். அப்பா பசியில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்திருக்கிறார். எந்த மூடியைத் திறந்தாரோ, அந்தப் பெட்டிக்கு அவர் கழுத்திலிருந்த அட்டை பலமாகக் கேட்டிருக்கிறது. நான் பார்த்த ஆறு காட்டுப் பயணம் இதுதான். மூடியைத் திறப்பார், பார்ப்பார், கொஞ்ச நேரம் உட்கார்வார், அடுத்ததைத் திறப்பார். ஆறாவதையும் திறந்த பிறகு திறக்க ஒன்றும் இல்லை.

அவருக்கு உணர்வு இருந்தது. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து, “எல்லாத்துலயும் வெளக்குத்தான் எரியுது சாமி. சோத்த எங்க வெச்ச?” என்றார்.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அதற்குள் தம்பி வந்து, இரண்டு பேருமாகத் தூக்கி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெயிலில் உடம்பு வெந்துவிட்டது, கிட்னி நின்றுவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டார்.

நான்தான் அவரைக் கொன்றேன் என்று எழவுக்கு வந்தவர்களிடம் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. யாரும் இடம் கொடுக்கவில்லை. மேப்பில் வந்த கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. வித்த காடு ஆறையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, களைப்பில் கொட்டகைக்குள் உட்கார்ந்துவிட்டார் மனுஷன் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். “மண்ணு விடுமா அவரை? எல்லாத்துக்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் போயிருக்கறாரு” என்று ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். அந்தப் பொட்டிய மாட்டுனதாலதான் நமக்கு இதாவது தெரிஞ்சுது என்று என்னைப் பாராட்டினார்கள். தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதினாறு முடிந்த மறுநாள் அவன் வந்து ஏழு பெட்டிகளையும் பிடுங்கிச் சாக்கில் போட்டு எடுத்துப்போனான்.

அக்காவிடமாவது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் கண்ணசந்த அந்தச் செத்த நேரத்துக்காக அவள் தன்னையே அரித்துக்கொண்டிருப்பாள், அந்தப் பாரத்தையாவது இறக்கலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம் இரண்டு பேரும் அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். “அக்கா, அன்னிக்கு அந்த மேப்புல காட்டுச்சே…” என்று ஆரம்பித்தேன்.

“நீ கேப்பீன்னு தெரியும்” என்றாள் அவள். “அத்தனை தடவை கூப்புட்டியே, ஏன் எடுக்கலைன்னு கேப்ப. நான் யாருகிட்டயும் சொல்லல அம்மணி. தம்பி என்னையப் பாறைக்காட்டுல எறக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டான். நான் குவாரி ஓரமா நின்னு பாத்தன். அக்கரையில அப்பா நிக்கறாரு. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு. கூப்புட்டன். திரும்பிப் பாத்தாரு. பழையபடி என்னைய நல்லாத் தெரிஞ்ச மாதிரி பாத்தாரு. இரு வாரேன்னு கையக் காட்டுனாரு. சுத்திக்கிட்டு வருவாருன்னு அங்கயே நின்னன். போனு அடிக்கறது கேட்டுது. கண்ணை எடுத்தா மறைஞ்சு போயிருவாருன்னு எடுக்கல. ஒரு மணி நேரம் நின்னன். வரல.” அவள் வேட்டியை நீவி மடித்து மேலே வைத்தாள். “மூணு வருசமா என்னைய யாருன்னே தெரியாது அவருக்கு. அன்னிக்குத் தெரிஞ்சுது. எனக்கு அது போதும் சாமி. அந்த மேப்பு மட்டும் இல்லைன்னா நான் அங்க போயே இருக்கமாட்டன்.”

அந்த நேரத்தில் அப்பா கொட்டகைக்குள் இருந்தார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் யாரைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அடுத்த சட்டையை எடுத்து மடித்தேன்.

இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு அமாவாசைக்கும் அக்கா காலையிலேயே வந்துவிடுகிறாள். குவாரி விளிம்பில் ஒரு கல்லைக் கழுவி வைத்திருக்கிறாள். அதன்மேல் இலை போட்டுச் சோறு வைத்து, அக்கரையைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு வருவாள். அந்தச் சோற்றை ஆக்கிக் கொடுப்பது நான். அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பும் கத்தரிக்காயும் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். அப்பா பசியோடு உட்கார்ந்திருந்த இடம் எங்கள் அடுப்படியிலிருந்து இருபது அடி தூரம். சோற்றை நான் இரண்டு மைல் தள்ளி, அன்று அவர் போய்ச் சேராத இடத்துக்கு, என் கையாலேயே கட்டிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.